ஆள்மாறும் அதிகாரம் – 9: துறக்கத் தெரியாத நிரல்கள்

கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், அதாவது 1750-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்குளத்துப் பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டுவந்த மார்த்தாண்ட வர்மா, தாம் வாளால் வென்று விரிவாக்கிய நாடு முழுவதையும் திருவனந்தபுரத்து அனந்தபத்மநாபன் திருவடியில் தத்தம் செய்து, அன்றுமுதல் பத்மநாப தாசனாக அந்த உடையவன் பெயராலேயே ஆட்சி புரியலானார் என்பதையும், திருப்படித்தானம் என்று வழங்கும் அச்செயலுக்குப் பின்னர் நாஞ்சில் நாட்டு வயலொன்றுக்கு வரி வாங்கும்போதும் ஆள் ஒருவர், அதிகாரம் இன்னொருவருடையது என்ற இரட்டை நிலை ஏற்பட்டதையும் சென்ற பகுதியில் கண்டோம்.

அதே இரட்டை நிலைதான், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் படைத்த யூனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்றது. 1971 நவம்பரில் வெளியான அதன் முதற்பதிப்புக் கையேட்டிலேயே செட்யூஐடி என்னும் ஏற்பாடு காணப்படுகிறது. ஒரு நிரலின் கோப்பில் ஒரே ஒரு பிட்டை ஏற்றிவிட்டால், அந்நிரலை யார் ஓட்டினாலும், அது ஓட்டுபவரின் அதிகாரத்தோடு அல்லாமல், கோப்பின் உடைமையாளரது அதிகாரத்தோடு ஓடும். 1973 ஜூலையில் ரிட்சியின் பெயரால் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டு, 1979 ஜனவரியில் 4,135,240 என்ற எண்ணோடு அது வழங்கப்பட்டது. பின்னர் பொதுமக்களின் உபயோகத்துக்கே விடப்பட்டது.

ஒளித்துவைத்த எண்ணை ஊகித்துச் சொல்லும் ‘மூ’ என்ற விளையாட்டில், ஆட்டக்காரர் தம் வெற்றிக் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ளாமல், விளையாட்டு நிரல் மட்டுமே அந்தக் கணக்கேட்டில் எழுதும்படி செய்வது எப்படி என்ற கேள்விக்கும் இதுவே விடை என்று, 1974-இல் அவ்விருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் குறிப்பிட்டார்கள். விளையாட்டுக் கணக்குக்குப் பொருந்திய யுக்தி, கடவுச்சொல் ஏட்டுக்கும் பொருந்திற்று.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பல கணினிகளில் ஏற்றித் தரப்பட்டது. தோவாளையிலோ தக்கலையிலோ ஒரு வீட்டுப் பரணில் அத்தகைய கணினி ஒன்று இன்னும் உயிரோடு இருக்குமானால், அதன் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லை மாற்றும் ‘பாஸ்வேர்டு’ நிரலின் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். உடைமையாளரின் உரிமைகளைக் காட்டும் மூன்று எழுத்துகளில் ஆர், டபிள்யூ ஆகியவற்றை அடுத்து, வழக்கமாக எக்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் எஸ் நிற்கும். ரிட்சி காப்புரிமை பெற்ற பிட் அதுதான்.

அதிகாரத்தை ஏற்றுக்கொள்ளும் கதை இவ்வளவில் முடிந்துவிட்டது. ஒரு பிட், ஓர் எழுத்து, அவ்வளவே. ஏற்றுக்கொண்ட அதிகாரத்தைக் கீழே வைக்கும் கதையோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதைத்தான் இந்த வாரம் தொடங்குகிறோம்.

* * *

இரண்டு எண்களின் சங்கடம்

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் யூனிக்ஸ் இரண்டு எண்களைச் சூட்டியது. ஓட்டியவர் யார் என்பதைச் சொல்வது மெய் எண். இந்தக் கணத்தில் யாருடைய அதிகாரம் செல்லுபடியாகிறது என்பதைச் சொல்வது செயல் எண். சாதாரணமாக இரண்டும் ஒன்றாகவே இருக்கும். செட்யூஐடி பிட் ஏற்றிய நிரலில் மட்டும் அவை பிரிந்து நிற்கும்.

எண்களிலெல்லாம் தனித்தது பூஜ்யம். பூஜ்யத்தைச் செயல் எண்ணாகப் பெற்ற நிரலை, ரூட் என்று வழங்கும் அந்தச் சர்வாதிகாரியை, கோப்புகளின் உரிமை பார்த்து, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் தடுப்பதில்லை. எந்தக் கோப்பையும் அது படிக்கலாம். எந்தப் பயனரின் எண்ணையும் தனக்குச் சூட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் சங்கடம் தோன்றுகிறது. பலர் பகிர்ந்துகொள்ளும் கணினி ஒன்றில் அச்சுப்பொறிக்குக் கோப்பை அனுப்பும் நிரலை எடுத்துக்கொள்வோம். அச்சுக்காகக் காத்திருக்கும் கோப்புகளின் வரிசையில் எழுத அதற்கு ரூட்டின் அதிகாரம் தேவை. ஆனால், அச்சிடும்படி பயனர் கொடுக்கும் கோப்பைப் படிக்கும்போதும் அதே அதிகாரம் கையில் இருக்குமாயின், அடுத்தவருடைய அந்தரங்கக் கடிதத்தின் பெயரைக் கொடுத்து அதை அச்சிட்டு வாங்கிக்கொள்ள எவராலும் முடியும். படிக்கும்போது பயனராக இருக்க வேண்டும். வரிசையில் எழுதும்போது ரூட்டாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி ரூட் ஆகவே முடியாத நிலைக்கு வந்துவிட வேண்டும்.

ஆக, வேண்டியிருந்தவை இருவகைத் துறவுகள். சற்று நேரத்துக்கு அதிகாரத்தை ஒதுக்கி வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வது ஒன்று. என்றென்றைக்குமாகக் கைகழுவிவிடுவது மற்றொன்று. ஆதியில் யூனிக்ஸ் கொடுத்ததோ ‘செட்யூஐடி’ என்ற ஒரே ஒரு அழைப்பு. பிட்டுக்கும் அதே பெயர், அழைப்புக்கும் அதே பெயர். ரூட்டாக ஓடும் நிரல் அந்த அழைப்பால் இரண்டு எண்களையும் ஒருங்கே மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொண்ட பிறகு திரும்பும் பாதை கிடையாது. முழுத்துறவு அதனால் கூடிற்று. இடைக்காலத் துறவுக்கு வழி இல்லை.

இந்தக் குறையை நீக்கப் புறப்பட்டவர்கள் இருவர். இருவரும் ஒரே சமயத்தில் புறப்பட்டார்கள். வேறு வேறு திசையில் போனார்கள்.

* * *

இரு குடும்பங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்துகொண்டிருந்தது. தாய்வீடான ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1984 ஜனவரி முதல் நாளன்று தன் தொலைபேசிக் கிளைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிரதியாகக் கணினி வியாபாரத்தில் இறங்கும் சுதந்திரத்தைப் பெற்று, ‘சிஸ்டம் ஃபைவ்’ என்ற பெயரில் யூனிக்ஸைச் சரக்காக விற்க முனைந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோ, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்பாவின் பொருளுதவியோடு, 1983-இல் ‘4.2 பிஎஸ்டி’ என்ற பதிப்பை வெளியிட்டுப் பல்கலைக்கழகங்களின் அபிமானத்தைப் பெற்றிருந்தார்கள்.

ஏ.டி. அண்ட் டி. குடும்பத்தார் மூன்றாவது எண் ஒன்றைச் சேர்த்தார்கள். செட்யூஐடி பிட் ஏற்றிய நிரல் தொடங்கும்போது கிடைத்த அதிகாரத்தை அந்த எண் நினைவில் வைத்துக்கொள்ளும். செயல் எண்ணைப் பயனருடையதாக மாற்றிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, வேண்டும்போது இந்தச் சேமிப்பு எண்ணைக் காட்டிப் பழைய அதிகாரத்தைத் திரும்பப் பெறலாம். பெர்க்லியார் மூன்றாவது எண்ணை விரும்பவில்லை. இருக்கும் இரண்டு எண்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்ள வகைசெய்யும் ‘செட்ரீயூஐடி’ என்ற புதிய அழைப்பை அவர்கள் படைத்தார்கள்.

இரண்டுமே நல்ல விடைகள். தனித்தனியே பார்த்தால் எதிலும் பிழை காண இயலாது. எனினும் ஒரு குடும்பத்துக்கு எழுதிய நிரல் மற்றக் குடும்பத்தில் ஓடும்போது, கீழே வைத்துவிட்டதாக அது நினைத்த அதிகாரம் உண்மையில் கீழே வைக்கப்படாமல் இருக்கக் கூடும் என்ற அபாயம் அன்றே விதைக்கப்பட்டுவிட்டது.

* * *

1988: சமாதானத்தின் விலை

இரண்டு குடும்பங்களையும் இணைத்துவைக்க வந்தது போசிக்ஸ் என்ற பொது விதிநூல். அதன் முதற்பகுதி 1988-இல் வெளிவந்தது. எந்தக் கட்சியின் பழைய நிரலும் உடைந்துபோகக் கூடாது, எந்தக் கட்சியும் தோற்றதாக எண்ணக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்ட நூல் அது. அந்த நல்லெண்ணம்தான் இந்தச் சரித்திரத்தின் பெரிய திருப்பத்துக்குக் காரணமாயிற்று என்பது என் துணிபு.

செட்யூஐடி அழைப்புக்கு விதிநூல் கொடுத்த இலக்கணம் இது: அழைக்கும் நிரலுக்கு ‘தக்க அதிகாரம்’ இருந்தால் மெய், செயல், சேமிப்பு ஆகிய மூன்று எண்களும் மாறும், இல்லாவிட்டால் செயல் எண் மட்டுமே மாறும்.

ஒரு முறைக்கு இரு முறை இதை வாசிக்க வேண்டுகிறேன். ஒரே அழைப்பு, ஒரே எழுத்து, ஒரே எண். ஆனால் அழைப்பவனுடைய அப்போதைய நிலையைப் பொறுத்து ஒருபோது முழுத்துறவு, ஒருபோது இடைக்காலத் துறவு. இரண்டிலும் கெர்னல் ‘வெற்றி’ என்றே பதில் சொல்லும்.

நம் மடிக்கணினிக்குத் திரும்புவோம். அதன் முதற்பயனருக்கு 1000 என்ற எண் தரப்பட்டிருக்கும். அவர் ரூட்டுக்கு உரிமையான செட்யூஐடி நிரலொன்றை ஓட்டுகிறார். தொடக்கத்தில் மெய் எண் 1000, செயல் எண் பூஜ்யம், சேமிப்பு எண் பூஜ்யம். ஜாக்கிரதை மிகுந்த நிரலாசிரியர், வேண்டாத நேரத்தில் அதிகாரம் கையில் இருக்கலாகாதென்று, தொடக்கத்திலேயே செயல் எண்ணை 1000 ஆக்கிவிடுகிறார். இப்போது வரிசை 1000, 1000, பூஜ்யம்.

பிறகு, வேலையெல்லாம் முடிந்து, முழுத்துறவு கொள்ளும் நேரம் வருகிறது. கையேட்டில் படித்தபடி அவர் செட்யூஐடி அழைப்பில் 1000 என்ற எண்ணைக் கொடுக்கிறார். கெர்னல் பார்க்கிறது: செயல் எண் பூஜ்யம் அல்ல, ஆகவே தக்க அதிகாரம் இல்லை, ஆகவே செயல் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே 1000 ஆக இருந்ததை மறுபடி 1000 ஆக்கிவிட்டு, வெற்றி என்று சொல்லி அனுப்புகிறது.

வரிசை இன்னமும் 1000, 1000, பூஜ்யம்.

ஆசிரியர் துறந்துவிட்டதாக நம்புகிறார். மூன்றாவது இடத்தில் அந்தப் பூஜ்யம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதன்பின் நிரலின் மூளையை எவனாவது வசப்படுத்திவிட்டால், சேமிப்பு எண்ணைக் காட்டி ஒரே அடியில் ரூட்டாகிவிடலாம். அஜாக்கிரதையாக எழுதியவருக்கு இந்த விபத்து நேர்வதில்லை. கூடுதல் ஜாக்கிரதையோடு, முன்னமே ஒரு முறை அதிகாரத்தை ஒதுக்கி வைத்தவருக்கே நேர்கிறது. முழுத்துறவு கொள்ள வேண்டுமானால் முதலில் திரும்பவும் ரூட்டாகி, அதன்பிறகே துறக்க வேண்டும் என்ற இந்த விபரீத விதியைப் பயிற்சியின்றி எவர் ஊகிக்கக் கூடும்?

குழு எண்கள் வேறு உண்டு. அவற்றைப் பயனர் எண்ணுக்கு முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். பயனர் எண்ணை இறக்கிய பின்னர், குழுவை மாற்றும் யோக்கியதையே நிரலுக்கு இல்லாமல் போய்விடுகிறது. வரிசை பிசகினால் பாதித் துறவுதான். இந்தப் பிசகு எத்தனையோ நிரல்களில் நிகழ்ந்திருக்கிறது.

* * *

2000 ஜூன்: வெற்றி என்று சொன்ன கெர்னல்

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. இணையம் பரவிற்று. ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகத்தின் தபால் சேவையகங்கள் பலவற்றில் இடம்பிடித்திருந்தது. அவற்றில் ஓடிய தபால் நிரல்களில் மூத்தது, பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில்.

1999 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பு ஒரு பெரிய சீர்திருத்தத்தைச் செய்திருந்தது. பூஜ்யத்திடம் குவிந்துகிடந்த சர்வாதிகாரத்தைத் தனித்தனி உரிமைகளாகப் பகுத்து, கோப்புரிமையை மீறுதல், வலைப்பின்னலை நிர்வகித்தல், பயனர் எண்ணை மாற்றுதல் என ஒவ்வொன்றையும் வேண்டியபோது தரவும் பறிக்கவும் வழிசெய்தது அது. நெடுநாள் எதிர்பார்த்த நன்மை. ஒருவர் தமக்குரிய உரிமைகளைத் தாமே குறைத்துக்கொள்வதில் யாருக்கும் தீங்கு இல்லை என்றுதான் அனைவரும் நினைத்தார்கள்.

2000 ஜூனில் அந்த நினைப்பு தகர்ந்தது.

தாக்குபவன் சாதாரணப் பயனன். அவனிடம் விசேஷ அதிகாரம் ஏதுமில்லை. அவன் செய்தது ஒன்றே. பயனர் எண்ணை மாற்றும் உரிமையைத் தன் உரிமைப் பட்டியலிலிருந்து தானே நீக்கிக்கொண்டு, அதன்பின் சென்ட்மெயிலை ஓட்டினான். 2.2.15 கெர்னலில் இருந்த பிழையால், அவன் நீக்கிய அந்த உரிமை சென்ட்மெயிலுக்கும் இல்லாமல் போயிற்று.

சென்ட்மெயில் தன் கடமையை வழுவாமல் செய்தது. ரூட்டாகத் தொடங்கி, பயனருக்காக வேலை செய்யும் கட்டம் வந்ததும், அதிகாரத்தைத் துறப்பதற்காகச் செட்யூஐடி அழைப்பைக் கூப்பிட்டது. கெர்னல் பார்த்தது. பயனர் எண்ணை மாற்றும் உரிமை இந்த நிரலுக்கு இல்லை. ஆகவே தக்க அதிகாரம் இல்லை. ஆகவே செயல் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

வெற்றி என்று பதில் வந்தது.

சேமிப்பு எண் பூஜ்யமாகவே நின்றது. சென்ட்மெயில் தான் இப்போது வெறும் பயனன் என்று நம்பி, பயனன் கொடுத்த கட்டளைகளை நம்பிக்கையோடு நிறைவேற்றத் தொடங்கிற்று. அந்தக் கட்டளைகளில் ஒளிந்திருந்த வழியாகத் தாக்குபவன் ரூட்டைக் கைப்பற்றினான்.

இதில் குற்றவாளி யார்? சென்ட்மெயிலின் ஆசிரியர் விதிநூலைப் பின்பற்றினார். விதிநூல் தன் வாசகத்தில் பொய் சொல்லவில்லை. கெர்னல் அந்த விதிநூலின் எழுத்தை அப்படியே அனுசரித்தது. உரிமைகளைப் பகுத்தவர்களோ அதிகாரத்தைக் குறைப்பதற்காகவே பாடுபட்டவர்கள். ஆனால், அதிகாரத்தைத் துறப்பதற்கும் ஓர் அதிகாரம் வேண்டும் என்ற நிலையை எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிவிட்டார்கள்; அந்த ஓர் அதிகாரத்தைப் பறித்துவிட்டால், மற்றவையெல்லாம் துறக்க முடியாதவையாகிவிடும் என்பதை ஒருவரும் முன்னுணரவில்லை.

2.2.16 கெர்னலில் ஓட்டை அடைக்கப்பட்டது. சென்ட்மெயிலின் 8.10.2 பதிப்போ தன்னையே சோதித்துக்கொள்ளக் கற்றது: துறந்தபின் ‘இப்போது ரூட்டாக முடிகிறதா?’ என்று முயன்று பார்க்கும்; முடிந்துவிட்டால், துறவு மெய்யல்ல என்று அறிந்து, ஓடவே மறுத்துவிடும். கெர்னல் சொல்லும் வெற்றியை நம்பாமல் தானே பார்த்து உறுதிசெய்யும் அந்த வழக்கம், இந்தத் துறையில் ஒரு புதிய ஒழுக்கத்தின் தொடக்கம் என்றே கருதுகிறேன்.

* * *

வரைபடம் வரைந்தவர்கள்

2002 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில், பெர்க்லியைச் சேர்ந்த ஹாவ் சென், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்து ட்ரூ டீனும் சேர்ந்து ஒரு கட்டுரை படித்தார்கள். கையேடுகளை நம்பாமல், கெர்னல் உண்மையில் என்ன செய்கிறது என்பதை நேரே கேட்டு எழுதிவைப்பதே அவர்கள் மேற்கொண்ட காரியம்.

மூன்று எண்கள், ஒவ்வொன்றும் பூஜ்யமா, அன்றா என்று மட்டும் பார்த்தாலே எட்டு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு அழைப்பையும் ஒவ்வொரு விதமாக ஒரு நிரலைக் கொண்டு கூப்பிடச்செய்து, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குக் கெர்னல் கொண்டுபோய் விடுகிறது என்பதை அம்புக்குறிகளாக வரைந்தார்கள். லினக்ஸுக்கு ஒரு படம், சொலாரிஸுக்கு ஒரு படம், ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒரு படம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், ஒரே பெயருள்ள அழைப்பு மூன்று ஊர்களில் மூன்று விதமாக நடந்துகொள்வது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. கையேடுகளில் பிழைகள் இருந்தன. கெர்னலிலும் ஒரு பிழை அகப்பட்டது.

அவர்கள் சிபாரிசு செய்தது ‘செட்ரெஸ்யூஐடி’ என்னும் அழைப்பை. மெய், செயல், சேமிப்பு ஆகிய மூன்றுக்கும் மூன்று எண்களை வெளிப்படையாகக் கேட்டு, மாற்றினால் கேட்டபடி மாற்றுவது, இல்லாவிட்டால் எதையும் மாற்றாமல் ‘தோல்வி’ என்று சொல்வது என்ற ஒரே நேர்மையோடு நடப்பது அது. லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அது இருந்தது. அன்றைய சொலாரிஸில் இல்லை. எந்த அறிஞர் குழுவும் கூடி இயற்றாத அந்த அழைப்பு, விதிநூலின் சமாதானத்தைவிடத் தெளிவாக இருந்தது.

தோல்வி என்று சொல்லும் அழைப்பு கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்க ஆள் வேண்டுமே.

* * *

2010: கேட்காத காது

இன்று குளச்சல் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் கரையேறும் ஒரு தொழிலாளி, ஏலம் தொடங்குமுன் கைபேசியை எடுத்துக் கடல் வானிலை பார்த்து, வாட்ஸ்அப்பில் வியாபாரியின் குரலைக் கேட்டு, வங்கிச் செயலியில் முந்தின நாள் பணம் வந்துவிட்டதா என்று நோக்குவதற்குள், அவர் கையிலுள்ள ஆண்ட்ராய்டுக் கருவியில் நாம் பேசிவரும் துறவு பல முறை நிகழ்ந்துவிடுகிறது. அங்கே பயனர் எண் என்பது மனிதருக்கு உரியதன்று. ஒவ்வொரு செயலிக்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஓர் எண் தனியே சூட்டப்பட்டிருக்கிறது. ஸைகோட் என்னும் தாய்நிரல் ரூட்டாக இருந்து தன்னைப்போல் ஒரு பிரதியைப் பிரிக்கிறது. அந்தப் பிரதி தன் பூஜ்யத்தைத் துறந்து, தனக்குரிய செயலியின் எண்ணைச் சூட்டிக்கொண்ட பின்னரே செயலியாக மாறுகிறது. வாட்ஸ்அப்பின் எண் வேறு, வங்கியின் எண் வேறு என்பதால்தான் ஒன்றின் கோப்புகளை மற்றொன்று படிக்க முடிவதில்லை. அந்தத் தொழிலாளியின் சேமிப்பைக் காக்கும் வேலிகளில் முதலாவது இந்தத் துறவே.

2010-இல் அந்த வேலி விழுந்தது.

கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளை அனுப்புவதற்காக ஆண்ட்ராய்டில் ‘ஏடிபி’ என்ற ஒரு பணிநிரல் உண்டு. அதுவும் ரூட்டாகத் தொடங்கி, சில ஆரம்ப வேலைகளை முடித்துவிட்டு, செட்யூஐடி அழைப்பால் 2000 என்ற எளிய பயனர் எண்ணுக்கு இறங்கிவிடும். இறங்கியதா என்று அன்று அது பார்க்கவில்லை. ரூட் கேட்டுக் கெர்னல் மறுப்பதும் உண்டா என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

உண்டு. ஒரு பயனர் இத்தனை நிரல்களுக்குமேல் ஒருசேர ஓட்டக் கூடாது என்றோர் உச்சவரம்பு இருக்கிறது. அன்றைய லினக்ஸில், ஒரு பயனரின் வரம்பு நிறைந்துவிட்ட சமயத்தில் ரூட் அந்தப் பயனராக மாற விரும்பினால், ‘பிறகு வா’ என்ற பொருள்படும் பிழைக்குறியைக் கெர்னல் திருப்பித் தரும், எண் மாறாது.

செபாஸ்டியன் கிராமர் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுகொண்டார். அவர் எழுதிய ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி கேஜ்’ என்ற நிரல், 2000 என்ற எண்ணின் கீழ் ஓடி, தன்னைத்தானே பிரதியெடுத்துக்கொண்டே போய் உச்சவரம்பை நிரப்பிவிடும். பின்னர் ஏடிபி பணிநிரலைக் கொன்றுவிடும். அது இறந்தால் காலியாகும் ஓரிடத்தையும் இன்னொரு பிரதியால் அடைத்துவிடும்.

இறந்த பணிநிரலைக் கைபேசி உடனே மறுபடி எழுப்பும். அது ரூட்டாக எழும். ஆரம்ப வேலைகளை முடிக்கும். 2000-க்கு இறங்கக் கேட்கும்.

இடமில்லை என்று கெர்னல் சொல்லும்.

அதைக் கேளாமல் பணிநிரல் மேற்கொண்டு நடக்கும். இனி அதன் வழியாக வரும் கட்டளைகள் யாவும் ரூட்டின் கட்டளைகள்.

2000-இல் கெர்னல் ‘வெற்றி’ என்று சொல்லி நிரலை ஏமாற்றிற்று. 2010-இல் கெர்னல் ‘தோல்வி’ என்று உண்மையே சொல்லியும் நிரல் கேட்கவில்லை. இடையில் வெளிவந்த அத்தனை ஆராய்ச்சியும் அந்த இடத்தில் ஒரே ஒரு ‘எனில்’ வாக்கியமாக வந்து சேர்ந்திருந்தால் போதும். திருத்தமும் அவ்வளவுதான்: இறங்க முடியாவிட்டால் நின்றுவிடு என்று ஒரு வரி.

அந்த வரி எல்லாக் கைபேசிகளையும் சென்றடையுமுன் காலம் கடந்துவிட்டது. 2011 மார்ச்சில் ‘ட்ராய்டுட்ரீம்’ என்ற தீநிரல், இதே யுக்தியைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கூகுளின் செயலிச் சந்தையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் ஒளிந்திருந்தது வெளிப்பட்டது. விளையாட்டுச் செயலி என்று நம்பி இறக்கிக்கொண்டவர்களின் கைபேசியில் அது ரூட்டாயிற்று.

லினக்ஸ் கெர்னல் ஆசிரியர்களும் தங்கள் பங்குக்கு ஒரு மாற்றம் செய்தார்கள். 2011-இல் வந்த 3.1 பதிப்பில், வரம்பு நிறைந்ததென்பதற்காக எண் மாற்றத்தை மறுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்தப் பரிசோதனையை அடுத்த நிரலைத் தொடங்கும் கட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ‘கேட்காதவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் இந்தத் தோல்வியைச் சொல்லாதிருப்பதே க்ஷேமம்’ என்ற முடிவு அது. இதைச் சிலர் விட்டுக்கொடுத்தல் என்பார்கள். நான் அதை விவேகம் என்பேன். கோடிக்கணக்கான மக்களின் பணமும் அந்தரங்கமும் தொங்கும் இடத்தில், நிரலாசிரியர்கள் திருந்தும்வரை காத்திருக்கக் கெர்னலுக்கு உரிமை இல்லை.

* * *

அடுத்த வாரம்

இத்தனை விபத்துகளுக்கும் அடியில் ஒரே ஊகம் கிடக்கிறது: நிரல் முதலில் சர்வாதிகாரியாகப் பிறந்து, பிறகு தானாக இறங்கிவர வேண்டும் என்ற ஊகம். அச்சு நிரலுக்கு ஒரு வரிசையில் எழுதும் உரிமை போதும். பூஜ்யத்தின் முழு உரிமையும் அதற்கு எதற்கு என்று கேட்டவர்கள் தொண்ணூறுகளிலேயே இருந்தார்கள். அந்தப் பங்கீட்டுக்குப் பொதுவிதி வகுக்கப் போசிக்ஸ் குழுவினர் ஆண்டுக்கணக்கில் உழைத்த வரைவு, முற்றுப்பெறாமலே கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட அந்த வரைவையே ஆதாரமாகக் கொண்டு லினக்ஸ் துணிந்து பங்கிட்டது. பங்கிட்ட மறு ஆண்டே, அந்தப் பங்கீட்டின் வழியாகவே சென்ட்மெயில் வீழ்ந்ததையும் கண்டோம்.

பங்குகள் வளர்ந்தன. ஆனால் எதற்கும் தனிப்பங்கு அமைக்க மனமில்லாதபோதெல்லாம், ‘நிர்வாகம்’ என்ற பெயரிட்ட ஒரே பங்குக்குள் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. அந்த ஒரு பங்கைப் பெற்றவன் ஏறக்குறைய ரூட்டே என்று கெர்னல் அறிந்தவர்கள் சொல்லும் நிலை இன்று வந்திருக்கிறது.

அப்படியானால், பூஜ்யத்தின் அதிகாரம் உண்மையில் பங்கிடப்பட்டதா, அல்லது வேறொரு பெயரில் மறுபடி ஓரிடத்தில் சேர்ந்துவிட்டதா?

(தொடரும்)